ஐந்தாவது நிறம் நீலம்!

1

ட்ர்ர்ரிங்...! ட்ர்ர்ரிங்...!

கிரிவத்தை பொலிஸ் ஸ்டேஷனில் காலை வெந்நீரை வாயருகே கொண்டுபோன இன்ஸ்பெக்டர் மஃறூப், கோப்பையைக் கீழே வைத்தார்.

வெந்நீர்தான். ஹட்டனைத் தாண்டி, நாலு பக்கமும் தேயிலை முளைத்துக் கிடக்கும் ஊரில் உத்தியோகம். ஆனால் தேநீரைத் தொட மாட்டார். காரணம் மனைவி றுக்கையாவுக்கே தெரியாது.

ரிசீவரை எடுத்தார்.

"ஐயா, நீலகண்டா அச்சகத்து செல்லசாமி பேசுறேன். நம்ம பிரஸ்ஸுல ஒருத்தர் செத்துக் கெடக்கிறாரு."

"வர்றேன்."

"வரும்போது ஒங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. தாள் எதையும் தொட வேண்டாம். மை இன்னும் காயல."

மஃறூப் ரிசீவரை ஒரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு வைத்தார்.

கொலை நடந்த வீட்டிலிருந்து எத்தனையோ பேர் அவரிடம் பேசியிருக்கிறார்கள். மை காயவில்லை என்று கவலைப்பட்ட ஆள் இவர்தான் முதல்!

2

நீலகண்டா அச்சகத்துக்கு மூன்று அறைகள். தெருப் பக்கம் மெஷின் அறை. அதை ஒட்டிய நடையின் கடைசியில் எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள். ஒன்று அச்சுக் கோர்க்கும் அறை. மற்றது அச்சான தாள்களைத் தரையில் பரப்பிக் காய வைக்கும் அறை. மலையில் பனி இறங்கினால் மை லேசில் காயாது. ஆகவே அந்த அறைக்கு எப்போதும் மரியாதை உண்டு. உள்ளே யாரும் செருப்போடு போவதில்லை.

பிணம் அச்சுக் கோர்க்கும் அறையில் கிடந்தது. எழுத்துப் பெட்டிகளுக்குப் பின்னால், மல்லாந்து.

செத்தவர் வீரய்யா. பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவுக்காக ஒரு சிறப்பு மலர் வெளிவர இருந்தது. அதற்கு ஆசிரியரும் அவரே. நெற்றியில் பலமான அடி. அருகில் எழுத்துகளை இறுக்கிக் கட்டும் இரும்புச் சட்டம் ஒன்று கிடந்தது. அதில் ரத்தம் காய்ந்திருந்தது.

மை காயவில்லை. ரத்தம் காய்ந்துவிட்டது.

சார்ஜன்ட் குணதாச முன்னாலேயே வந்து, வேலையையும் முடித்திருந்தார்.

"சேர், கொலகாரன் புடிச்சாச்சி. கை பாருங்க. லே... ரத்தம்."

அவர் பிடியில் நின்றவன் மாயாண்டி. அச்சுக் கோர்க்கிறவன். இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவப்பு!

மஃறூப் குனிந்து அந்தக் கைகளை முகர்ந்தார்.

"ரத்தத்துல எப்பலேருந்து மண்ணெண்ணெய் வாசம் வருது, குணதாச?"

சார்ஜன்ட்டும் முகர்ந்து பார்த்தார். முகம் வாடிப்போனது.

நேற்று சாயங்காலம் சிவப்பு மை ஓட்டியிருக்கிறார்கள். அந்த அச்சுப் பிளாக்கைக் காலையில் கழுவி வைப்பது மாயாண்டியின் வேலை. கழுவினான். கை துடைக்கத் துணி தேடி, பூட்டியிருந்த தன் அறையைத் திறந்தான். அலறினான். இவ்வளவையும் அவன் பல் கிட்ட, பாதி பாதியாகச் சொன்னான்.

ஆனால் மையைக் கழுவிவிடலாம். வாயைக் கழுவ முடியுமா?

முதல் நாள் முற்பகலில், எதிரே ஹசன் நானாவின் தேநீர்க் கடையில், ஊரே கேட்க மாயாண்டிக்கும் வீரய்யாவுக்கும் சண்டை. வீரய்யா ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தச் சொல்லியிருக்கிறார். மாயாண்டி பொறுமை இழந்து, "இன்னொரு தடவ வந்தீங்கன்னா எழுத்தோட சேத்து ஒங்க தலையையும் சட்டத்துல வச்சு இறுக்கிருவேன்" என்று கத்தியிருக்கிறான்.

கத்தியதற்கு மறுநாள், அதே சட்டம். அதே தலை!

அறைச் சாவியும் அவன் மடியில். வேறு சாவி கிடையாது என்று முதலாளி செல்லசாமி சத்தியம் செய்தார்.

"ராத்திரி எங்க இருந்த?" என்று குணதாச கேட்டார்.

"லயத்து வீட்டுலதாங்க. சம்சாரத்தோட."

"சம்சாரம் எல்லா புருஷனுக்கும் அப்படித்தான் சொல்லும்," என்று சார்ஜன்ட் விலங்கை மாட்டினார்.

ராத்திரியைப் பற்றி மட்டும் ஏன் கேட்க வேண்டும்? அதற்கும் செல்லசாமிதான் காரணம். அவர் முந்தின சாயங்கால ரயிலில் தலவாக்கலைக்கு மச்சான் வீட்டுக்குப் போயிருந்தார். ரயில் ஏறும்போது வீரய்யா ஸ்டேஷனில் நின்று கையசைத்து வழியனுப்பினாராம். காலை ரயிலில் திரும்பி வந்தால் பிரஸ் வாசலில் கூட்டம். ஆக, வீரய்யா செத்தது ராத்திரியில்தான்.

டாக்டரைக் கேட்டார்கள். இந்தக் குளிரில் பிணத்தைத் தொட்டுப் பார்த்து நேரம் சொல்ல முடியாது, நேற்று மத்தியானத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

"திருப்பிப் போடுங்க," என்றார் மஃறூப்.

வீரய்யாவைத் திருப்பினார்கள்.

வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க...

நீலம்!

கொத்துக் கொத்தாக நீல நிற வேப்பிலைகள். நடுவே ஒரு பெரிய 'ஓம்', இடம் வலம் மாறிக் கிடந்தது. ஈரமான அச்சுத் தாளின் மேல் மல்லாந்து விழுந்தால் சட்டையில் எப்படி ஒட்டுமோ, அப்படி.

அந்த அறையில் ஈரத்தாள் ஒன்றுகூட இல்லை. பிணத்தின் குதிகாலில் மட்டும் நடையில் இழுபட்ட அழுக்கு. யாரோ இழுத்து வந்து இங்கே போட்டிருக்கிறார்கள்.

"மொதலாளி, இந்த மலருக்கு என்னென்ன நெறம்?"

செல்லசாமியின் முகம் மலர்ந்தது. பிணம் கிடக்கும் அறையில் ஒரு முகம் இவ்வளவு மலர்வதை மஃறூப் பார்த்ததில்லை. கோட்டுப் பொத்தான்களைக் கழுத்து வரை மாட்டியிருந்த அந்தக் குட்டை மனிதர், பாடம் நடத்தத் தொடங்கினார்.

"ஒரு நெறத்துக்கு ஒரு பிளாக்கு ஐயா. ஒரு நெறத்துக்கு ஒரு தடவ மெஷின் ஓடணும். அது முடிஞ்சா ரோலரெல்லாம் கழுவி, அடுத்த மை. அதே தாளத் திரும்ப ஓட்டணும். மயிரெழ நகந்தாலும் அம்மன் பொட்டு மூக்குல போயி நிக்கும். இந்த அட்டைக்கு நாலு நெறம். மஞ்சள், பச்சை, செவப்பு, கறுப்பு. கறுப்பு மட்டும் பாக்கி."

"நீலம்?"

"நீலம் கெடையாதுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னா இருக்கு? இந்த வாரம் பிரஸ்ஸுல நீல டின்னையே தொறக்கல."

போன வருட மலரில் மஞ்சளுக்கு மேல் நீலத்தை ஓட்டித்தான் பச்சை வரவழைத்தார்களாம். வேப்பிலை பாசி பிடித்த மாதிரி வந்தது. திருவிழாவில் வீரய்யாவை எல்லோரும் கேலி பண்ணினார்கள். அதனால் இந்த வருடம் அவர் ஒற்றைக் காலில் நின்றார். பச்சைக்குத் தனி மை வேண்டும். கலப்புக் கூடாது. செல்லசாமியும் கொழும்பிலிருந்து அசல் கிளிப்பச்சை மை ஒரு டின் வரவழைத்தார். இதை அவர் பெருமையாகச் சொன்னார்.

மஃறூப் தலையாட்டினார்.

நாலு நிறம். அதில் நீலம் இல்லை. செத்தவர் முதுகில் நீலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

3

பொலிஸ் ஸ்டேஷன் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். மடியில் துண்டில் சுற்றிய ரொட்டி.

மாயாண்டியின் மனைவி மீனம்மா.

மஃறூப்பைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே கேட்டார்.

நாளைக்கு ஹட்டன் கோர்ட்டில் புருஷனை நிறுத்தப் போகிறார்கள் என்று சார்ஜன்ட் சொல்லியிருக்கிறார். அங்கேயிருந்து கண்டி ஜெயிலாம். கொலைக் கேசில் போனவர் யார் திரும்பி வந்திருக்கிறார் என்று லயத்துச் சனங்கள் இப்போதே துக்கம் விசாரிக்கிறார்களாம். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா முகம் கொடுத்தே பேசவில்லையாம்.

அவள் அழவில்லை. அழுதால் ரொட்டி நனைந்துவிடும் என்பது போல அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு வாய்தாங்க பொல்லாதது. கையி பொல்லாதது இல்லீங்க."

"நேத்து அவன் எங்க இருந்தான்?"

"ராத்திரிங்களா?"

"மத்தியானம்."

மீனம்மா நிமிர்ந்தாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

"எனக்கு வலி கண்டுருச்சுன்னு மத்தியானமே பிரஸ்ஸுலேருந்து ஓடியாந்தாருங்க. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலதான் கெடந்தோம். பொய்வலின்னு நர்ஸம்மா சொல்லி, இருட்டுறப்பதான் அனுப்புனாங்க. அங்க இருந்த பூராப் பேரும் பாத்தாங்க. சார்ஜன்ட் ஐயா ராத்திரி மட்டுந்தானே கேட்டாரு?"

மஃறூப் குணதாசவைத் திரும்பிப் பார்த்தார். குணதாச சுவரைப் பார்த்தார்.

ராத்திரிக்கு மாயாண்டியிடம் சாட்சி இல்லை. மத்தியானத்துக்கோ ஒரு ஆஸ்பத்திரியே சாட்சி!

வீரய்யா எப்போது செத்தார் என்பதில் இருந்தது மாயாண்டியின் கழுத்து. அதைச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்று. நீலம் ஒட்டிய ஒரு சட்டை.

"ரொட்டிய அவன்கிட்டக் குடுக்கச் சொல்றேன். நீ வீட்டுக்குப் போ," என்றார்.

"நான் இங்கனயே இருக்கேங்க."

அவள் சொன்னபடியே இருந்தாள்.

4

மஃறூப் மறுபடி பிரஸ்ஸுக்குப் போனார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் காயவைக்கும் அறைக்குள் நுழைந்தார். தரை முழுக்க அம்மன் படுத்திருந்தாள். மஞ்சள் முகம், சிவப்புச் சேலைக் கரை, சுற்றிலும் பச்சை வேப்பிலை. இலைகளுக்கு நடுவே பச்சையில் 'ஓம்'.

ஒரு தாளை எடுத்து ஜன்னலருகே போனார்.

இலையின் ஓரத்தைப் பார்த்தார். கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

ஒவ்வொரு இலைக்கும் இடது பக்கம் மயிரிழையாக மஞ்சள். வலது பக்கம் மயிரிழையாக... நீலம்!

பச்சை மையால் அச்சடித்த இலைக்கு ஓரமும் பச்சையாகத்தானே இருக்க வேண்டும்? இதுவோ மஞ்சள் இலைக்கு மேல் நீல இலை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான். கொழும்பிலிருந்து வந்த பச்சை மை, இந்தத் தாள்களில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

மெஷின் ஓட்டுகிற சின்னராசாவைக் கூப்பிட்டார். அவன் காலையில் குணதாசவிடம், நேற்று மத்தியானம் வரை பச்சை ஓட்டினேன், பிறகு சிவப்பு ஓட்டினேன் என்று சொல்லியிருந்தான்.

மஃறூப் தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. விரலை மட்டும் இலையின் ஓரத்தில் வைத்தார்.

சின்னராசா அந்த விரலைப் பார்த்தான்.

"பச்ச டின் எங்க?"

"காலியாயிருச்சுங்க."

"எதுல?"

சின்னராசா வாசல் பக்கம் பார்த்தான்.

"சின்னராசா, பொய் சொன்னதுக்கு ஒரு கேஸ். கொலைக்கு இன்னொரு கேஸ். எது வேணும்னு நீயே சொல்லு."

அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு எல்லாம் மடமடவென்று வந்தது. ஃபாக்டரிகளில் கழித்துப் போடும் தேயிலைத் தூளை யாரோ கள்ளத்தனமாக வாங்கி, பச்சைக்கிளி மார்க் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள். அந்தப் பாக்கெட்டுக்கான கள்ள லேபிள் இந்தப் பிரஸ்ஸில்தான் ஓடுகிறது. கிளிக்கு அந்தப் பச்சைதான் வேண்டும். வேறு பச்சை போட்டால் கடைக்காரனே கண்டுபிடித்துவிடுவான். அம்மனுக்கு வந்த மை கிளிக்குப் போய்விட்டது. அம்மனுக்கு என்ன செய்வது? செல்லசாமி வழி சொன்னார். இலைப் பிளாக்கை மஞ்சளில் ஒரு தடவை ஓட்டு. மறுநாள் அதே பிளாக்கை நீலத்தில் ஓட்டு. வீரய்யா கேட்டால் பச்சை மைதான் என்று சாதித்துவிடலாம்.

"நேத்து நீலம் எப்ப முடிஞ்சது?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறங்க. தாளெல்லாம் காய வச்சுட்டு ஹசன் நானா கடைக்குப் போனேன். நல்ல மழ. விட்டதும் வந்து ரோலரக் கழுவி செவப்பப் போட்டேன். இருட்டுற வரைக்கும் செவப்புதான்."

"நீலம் காயாமயா அது மேல செவப்பு?"

"காயட்டும்னு காத்திருந்தா தேரு வந்துருங்களே."

மஃறூப் கண்ணை மூடிக்கொண்டார். இலைக்கு ஒட்டினாற்போல் சேலைக் கரை. சிவப்பு ஓடின பிறகு அந்தத் தாளில் விழுந்தால், முதுகில் சிவப்பும் ஒட்டும். வீரய்யா முதுகில் சிவப்பு இல்லை. அப்படியானால் நீலம் முடிந்து, சிவப்பு தொடங்கும் முன்னால் விழுந்திருக்கிறார். மழை நேரத்தில்!

அந்த நேரத்தில் மாயாண்டி ஆஸ்பத்திரியில். சின்னராசா தேநீர்க் கடையில்.

மழை நேரத்தில் செத்துக் கிடந்தவர், சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷனில் நின்று எப்படிக் கையசைத்தார்?

"செவப்பு ஓட்டத் தாள் எடுக்க இந்த அறைக்கு வந்தியா?"

"இல்லீங்க. மொதலாளியே கட்டுக் கட்டாத் தூக்கியாந்து குடுத்தாருங்க. என்னைக்கும் இல்லாத அதிசயம். உள்ள வராத, மெஷினப் பாருன்னாரு."

எதிர்க் கடையில் ஹசன் நானா சாட்சி சொன்னார். மழையில் சின்னராசா கடை பெஞ்சை விட்டு அசையவில்லை. வீரய்யா குடையோடு பிரஸ் படியேறினதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"எறங்குனதப் பாத்தீங்களா, நானா?"

"ஏறுனதத்தான் பாத்தேன். பின்பக்கமாப் போயிட்டாருன்னு மொதலாளி பொறகு சொன்னாரு." அவர் ஒரு கோப்பையை நீட்டினார். "டீ?"

"வெந்நீர் போதும்."

5

பிற்பகலில் எல்லோரையும் பிரஸ்ஸுக்கு வரச் சொன்னார். மாயாண்டி விலங்கோடு வந்தான். மீனம்மா அவன் பின்னாலேயே வந்து நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்லசாமி அதே கோட்டில், அதே பொத்தான்களோடு இருந்தார். கறுப்பு எப்போது ஓட்டலாம் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

மஃறூப் நேராக விஷயத்துக்கு வந்தார். பிணத்தின் அக்குளில் கை கொடுத்து, பின்னோக்கி இழுத்திருக்கிறார்கள். அப்படி இழுத்தால் செத்தவர் முதுகு, இழுக்கிறவர் நெஞ்சில் படும். மாயாண்டியின் சட்டையைப் பார்த்தாகிவிட்டது. சின்னராசா சட்டையையும் பார்த்தாகிவிட்டது. வானவில்லே அதில் இருக்கிறது, வேப்பிலை மட்டும் இல்லை.

"நீங்க கோட்டக் கழட்டுங்க, மொதலாளி."

எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள்.

செல்லசாமி... சிரித்தார்!

நிதானமாக ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். கோட்டைத் திறந்தார்.

வெள்ளைச் சட்டை. நெஞ்சில் நீல வேப்பிலைக் கொத்து. நடுவே ஓம்!

குணதாச விலங்கைத் தேடினார். விலங்கு மாயாண்டி கையில் இருந்தது.

"பொறுங்க ஐயா," என்றார் செல்லசாமி. "நீலம் ஓட்டுனதும் நெசம். லேபிள் அடிச்சதும் நெசம். அதுக்குக் கேஸ் போடுங்க. ஆனா இந்த மை எப்பிடி வந்துச்சுன்னு சின்னராசாவையே கேளுங்க. ஈரத் தாள நான்தானே நெஞ்சோட அணச்சுத் தூக்கியாந்தேன்? ஒட்டாம இருக்குமா? நீங்க கேப்பீங்கன்னுதான் சட்டைய மாத்தாமலே வந்தேன். குத்தம் பண்ணவன்னா நேத்தே எரிச்சிருக்க மாட்டேனா?"

சின்னராசா தயக்கத்தோடு தலையாட்டினான். ஆமாம், நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்கி வந்தார்.

மீனம்மா புருஷன் கை விலங்கைப் பார்த்தாள். பெரிய மனிதர் பேச்சு. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு ஹட்டன் கோர்ட்டிலும் இப்படித்தானே நியாயமாகப் பேசுவார்கள்? புருஷனை இனி பார்க்கப்போவதில்லை என்று அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றிவிட்டது.

மஃறூப் மட்டும் அசையவில்லை.

"சின்னராசா, இலைப் பிளாக்குல நீலம் தடவி ஒரு தாள் ஓட்டிக் கொண்டா."

வந்தது. தாளில் ஓம் நேராக இருந்தது.

"குணதாச, திரும்பி நில்லு."

"சேர்... யூனிபோர்ம்..."

"அரசாங்கம் வேற குடுக்கும்."

ஈரத் தாளைச் சார்ஜன்ட்டின் முதுகில் வைத்து அழுத்தி எடுத்தார். காக்கியில் வேப்பிலை முளைத்தது. ஓம் இடம் வலம் மாறி விழுந்தது. செத்தவர் முதுகில் இருந்த அதே மாதிரி.

பிறகு யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். சார்ஜன்ட்டின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துச் சாய்த்து, நடையில் தரதரவென்று இழுத்தார். கிரிவத்தையின் சட்டமும் ஒழுங்கும் குதிகால் தேயப் பின்னோக்கிப் போயின.

கீழே விட்டுவிட்டு நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டரின் சட்டை நெஞ்சிலும் நீல வேப்பிலை!

"மாயாண்டி, என் நெஞ்சுல உள்ளத வாசி."

"ஓமுங்க."

"எப்பிடி இருக்கு?"

"நேரா இருக்குங்க."

"மொதலாளி நெஞ்சுல?"

மாயாண்டி பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"அதுவும்... நேராத்தாங்க இருக்கு."

மஃறூப் செல்லசாமியிடம் போனார்.

"தாள்லேருந்து ஒட்டுனா மாறி இருக்கும், மொதலாளி. தாள்லேருந்து வீரய்யா முதுகுக்குப் போயி, அவரு முதுகுலேருந்து ஒங்க நெஞ்சுக்கு வந்தாத்தான் நேரா இருக்கும். நீங்க தூக்குனது தாள மட்டும் இல்ல."

"இல்ல... மாறித்தான் இருந்துச்சு." செல்லசாமியின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. "நான் பாத்தேன். ராத்திரி நல்லாப் பாத்தேன். மாறித்தான் இருந்துச்சு..."

"எங்க பாத்தீங்க?"

"மச்சான் வீட்டுல. கண்ணா..."

வார்த்தை பாதியில் நின்றது.

"கண்ணாடியில," என்று முடித்து வைத்தார் மஃறூப்.

நிறம் நிறமாக நாலு தடவை தாளைத் திருப்பித் திருப்பி ஓட்டுகிற மனிதர். பிளாக்கில் மாறியிருந்தால் தாளில் நேராக வரும் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவர். அவர் தன் நெஞ்சில் இருந்ததைக் கண்ணாடியில் பார்த்து, மாறி இருக்கிறது, தாள் பட்டதாகச் சொல்லித் தப்பிக்கலாம் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்!

கோட்டுப் பையைத் துழாவினார்கள். அச்சுக் கோர்க்கும் அறையின் இன்னொரு சாவி கிடைத்தது.

செல்லசாமி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். மழையில் வந்த வீரய்யா நீல இலைகளைக் கண்டு பச்சை எங்கே என்று கேட்டதையும், மூலையில் காய்ந்துகொண்டிருந்த கிளி லேபிள்களைக் கண்டதையும், பொலிஸுக்குப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னதையும் அவரே சொன்னார். கைக்கு அகப்பட்டது இரும்புச் சட்டம். ரத்தம் பட்ட தாள்களை அடுப்பில் எரித்தார். காலையில் மாயாண்டி கத்திய வார்த்தை காதிலேயே இருந்ததால், பிணத்தையும் சட்டத்தையும் அவன் அறையில் கொண்டுபோய்ப் போட்டுப் பூட்டினார். பிறகு சாயங்கால ரயில்.

"விலங்கக் கழட்டு, குணதாச," என்றார் மஃறூப்.

சார்ஜன்ட் முதுகைத் தடவிக்கொண்டே கழற்றினார். மாயாண்டியின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மீனம்மா காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வெடித்தது. நடையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மாயாண்டி ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். அழுகைக்கு நடுவே அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"இனிமே டீக்கடையில வாயத் தொறந்தீங்க, நானே அந்தச் சட்டத்துல வச்சு இறுக்கிருவேன்."

"அம்மா, பொலிஸு முன்னால அப்படிப் பேசாத," என்றார் மஃறூப். "இன்னைக்கு ஒண்ணு போதும்."

6

கோயில் கமிட்டி வந்து மாயாண்டியைக் கெஞ்சியது. தேர் நிற்காது, மலர் வெளிவந்தாக வேண்டும். லேபிள் கேசில் மாட்டிய சின்னராசா லொக்கப்பில் இருந்தபடியே எந்த ரோலரை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். மாயாண்டியே மெஷினைத் துடைத்து வைத்தான். பிரஸ்ஸிலிருந்து மண்ணெண்ணெய் வாசம் தெருவுக்கு வந்தது.

மறுநாள் காலை செல்லசாமியை ஹட்டன் கோர்ட்டுக்கு ஜீப்பில் ஏற்றினார்கள். வழியில் பிரஸ். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார். பழக்கம் விடுமா?

"ஐயா, கறுப்ப யாரு போடுறது?"

முன்சீட்டில் இருந்த மஃறூப் திரும்பாமலே சொன்னார்.

"மலருக்கு மாயாண்டி போட்டுக்குவான். ஒங்களுக்கு ஜட்ஜையா போடுவாரு. கறுப்புத் துணிதான், தூக்குத் தீர்ப்பு வாசிக்கிறப்ப அவரு தலையில."